கர்னல் எழுந்தால்

பட்டாளத்தார் உறுப்பினராக இருக்கும் சட்டமன்றத்தில் இன்று ஓட்டெடுப்பு. வெடிகுண்டுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து மண்ணைத் தோண்டிய மனுஷன், இன்று சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் திணறிக்கொண்டிருந்தார். மனைவிதான் வந்து போட்டுவிட்டாள்.

"என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?"

"எழுந்திரிக்கப் போறதில்ல."

"போன தடவையும் இதேதான் சொன்னீங்க."

சொன்னார்தான். எழுந்தும் தொலைத்தார். அந்தச் சட்டமன்றத்தில் ஓட்டெடுப்பு என்றால், மசோதாவை ஆதரிப்பவர்கள் முதலில் எழுந்து நிற்க வேண்டும். எண்ணி முடித்ததும் அவர்கள் உட்கார, எதிர்ப்பவர்கள் எழ வேண்டும். பட்டாளத்தாரின் இருக்கை கர்னலுக்கு நேர் பின்னால். ராணுவத்தில் அவருக்கு மேலதிகாரியாக இருந்தவர் கர்னல். ஓய்வுபெற்று வந்து அரசியலில் இறங்கி அமைச்சரும் ஆகிவிட்டார். வங்கி வாசலில் துப்பாக்கியோடு காவலுக்கு நின்ற பட்டாளத்தாரைக் கூட்டிவந்து தேர்தலில் நிறுத்தியவரும் அவரே. இரண்டு முறை ஜெயித்தாயிற்று. ஆனால் கர்னல் எழுந்தால் பட்டாளத்தாரின் கால் தானாக எழுந்துவிடும், மூளையைக் கேட்பதே இல்லை. எதிர்க்கட்சிக்காரர்கள் அவருக்கு 'ஸ்பிரிங்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அவர் சட்டமன்றத்தில் கிழித்ததெல்லாம் அவ்வளவுதான்.

இன்றைய மசோதா அப்படி விளையாட்டு இல்லை. ஊர் ஓரத்தில் ராணுவம் பீரங்கி சுட்டுப் பழகிய பழைய மைதானத்தை மனை பிரித்து, வீடில்லாதவர்களுக்குக் கொடுக்கப் போகிறார்கள். சுட்டும் வெடிக்காமல் மண்ணுக்குள் போன குண்டுகள் அங்கே ஏராளம். அதைத் தோண்டி எடுக்கும் வேலையைக் கர்னலின் கீழ் செய்தவர்களில் பட்டாளத்தாரும் ஒருவர். பாதி மைதானம் முடிந்தபோது ஒரு குண்டு வெடித்து, கூடப் படுத்துத் தூங்கிய சிநேகிதன் போய்ச் சேர்ந்தான். மறுநாளே வேலை போதும் என்று மேலிருந்து உத்தரவு வந்தது. மிச்சப் பாதி அப்படியே கிடக்கிறது.

முதல் மனைகளில் ஒன்று அவருடைய தங்கைக்கு. மிச்சப் பாதியில், வேலி ஓரமாக. அவரும் தலைபாடாக அடித்துக்கொண்டார்.

"போண்ணா, அமைச்சரே ஒண்ணுமில்லேன்னு சொல்லிட்டாரு. வீட்டுக்கு முன்னாடி எவ்வளவு எடம் தெரியுமா? பசங்க நல்லா ஓடியாடும்" என்றாள் தங்கை.

அந்தப் பிள்ளைகள் ஓடுவதை நினைத்தாலே அவருக்குத் தூக்கம் வராது. கர்னலிடமே போய்க் கேட்டும் பார்த்தார். "இத்தனை வருஷத்துல எல்லாம் துருப்பிடிச்சு மண்ணாப் போயிருக்கும், போய்யா" என்று ஒரே போடாகப் போட்டார் கர்னல். பட்டாளத்தார் "சரிங்கய்யா" என்று சல்யூட் அடித்துவிட்டு வந்துவிட்டார். வீடு வந்து சேரும் வரை தன்னையே திட்டிக்கொண்டார்.

மனைவி அவருடைய பளபளக்கும் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, ஷூ இல்லாம அவர் முன்னாடி நிப்பீங்களா?"

"என்ன பேச்சு பேசற? அதிகாரி முன்னாடி ஷூ இல்லாமயா? உயிரே போனாலும் நிக்க மாட்டேன்."

"அப்போ போய் உக்காந்ததும் கழட்டி வச்சிருங்க. கால் எப்படி எழுந்திரிக்குதுன்னு நானும் பாக்கறேன்."

இந்த மூளையைக் கட்சிக்காரர்கள் கோட்டைவிட்டுவிட்டார்களே என்று பட்டாளத்தாருக்குத் தோன்றியது.

சபைக்குள் நுழையும்போதே கொறடா வழிமறித்தார். கட்சிக்காரர்களின் ஓட்டு சிதறாமல் பார்த்துக்கொள்வது அவருடைய வேலை. "பட்டாளத்தாரே, நமக்கு ஒரே ஒரு ஓட்டுதான் அதிகம். காலை வாரிவிட்டீங்க, உங்க பதவி போயிடும். ஞாபகம் இருக்கட்டும்."

அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். மேஜைக்கு அடியில் மெல்லக் குனிந்து, இரண்டு ஷூவையும் கழற்றி ஓரமாகத் தள்ளினார். உள்ளங்கால் வேர்த்துச் சாக்ஸ் நனைந்திருந்தது.

"ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்கலாம்" என்றார் சபாநாயகர்.

கர்னல் எழுந்தார். பட்டாளத்தாரின் முழங்கால் துள்ளியது. சாக்ஸ் தரையில் பட்டதும் வெட்கம் வந்து அவரை அப்படியே பிடித்து உட்கார வைத்தது. சுற்றிலும் எல்லோரும் நிற்க, அவர் மட்டும் நாற்காலியின் கையை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கொறடாவின் முகம் வெளிறிப்போனது. எண்ணி முடித்தார்கள். எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஜெயித்துவிட்டோம் என்று பட்டாளத்தார் மூச்சு விட்டார்.

பக்கத்து உறுப்பினர் காதில் கிசுகிசுத்தார். "பயப்படாதீங்க. நீங்க சும்மா இருந்தா ரெண்டு பக்கமும் சமம்தான். சமமானா சபாநாயகர் ஓட்டு போடுவாரு, அது நமக்குத்தானே, மசோதா பாஸ் ஆயிடும்."

பட்டாளத்தாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழாமல் இருப்பது எப்படி என்றே ராத்திரியெல்லாம் யோசித்தவர், இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவே இல்லை. தங்கையின் பிள்ளைகள் அவர் கண்முன்னே வேலி ஓரமாக ஓடினார்கள்.

"எதிர்ப்பவர்கள் எழுந்து நிற்கலாம்."

எதிர்வரிசை எழுந்தது. இப்போது எழ வேண்டும். முன்னால் எந்த அதிகாரியும் எழவில்லை, யாரும் உத்தரவு போடவில்லை, காலில் ஷூவும் இல்லை. கால் மரக்கட்டையாகக் கிடந்தது. ஷூவைத் தேடினார், அது எங்கேயோ தள்ளிப் போயிருந்தது. மேஜையை இரண்டு கையாலும் அழுத்தி, கிழவனைப் போல முக்கி முனகி எழுந்தார்.

கர்னல் திரும்பினார்.

"உட்காருய்யா."

பழைய குரல். எத்தனையோ வருஷம் அவரை நடத்திய, நிறுத்திய குரல். பட்டாளத்தார் உட்காரவில்லை.

"ஐயா, பாதிதான் நாம தோண்டினோம்."

"உட்காருன்னு சொல்றேன்!"

"மிச்சப் பாதியில குழந்தைங்க ஓடறதுக்கு முன்னாடி, வாங்கய்யா, நாம ரெண்டு பேரும் ஒரு தடவை நடந்து பாத்துட்டு வந்துருவோம். நீங்க சரின்னா, நான் இப்பவே என் ஓட்டை மாத்திக்கறேன்."

எல்லோரும் கர்னலையே பார்த்தார்கள். அவருடைய பார்வை மெல்ல இறங்கி, பட்டாளத்தாரின் ஈரச் சாக்ஸில் நின்றது. பிறகு ஒன்றும் சொல்லாமல் முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

எதிர்ப்பவர்களோடு பட்டாளத்தாரையும் சேர்த்து எண்ணச் சொன்னார் சபாநாயகர்.