வெந்நீர்த் தொட்டியிலிருந்து எழுந்து வந்தவர்

எங்கள் ஊரில் யாரைப் பற்றியாவது தெரிய வேண்டுமானால் நீச்சல் குளத்துக்குப் போனால் போதும். தெருவோர வேலியை ஒட்டிய வெந்நீர்த் தொட்டியில் ஆண்கள் காலையிலேயே கழுத்தளவு ஊறிக்கொண்டு ஊரை அலசுவார்கள். என் அண்ணன் ஸ்டெய்ன்தோரும் அங்கேதான் கிடப்பார். மீன்பிடிக் கப்பலில் பாதி ஆயுளைக் கழித்தவர். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் நமக்கு உயிர் போய்விடும்.

அவர் மகள் ஸ்வாலாவை ஒருவன் பலாத்காரம் செய்தான். ஊர்க் கால்பந்துக் குழுவின் செல்லப்பிள்ளை அவன். வழக்கு நிற்கவில்லை. ஊர் அவனை விட்டுவிட்டு அவளுடைய குட்டைப் பாவாடையை விசாரித்தது. தொட்டியிலும் அதே பேச்சு. அண்ணன் வாயே திறக்கவில்லை. ஸ்வாலா தலைநகர் ரேக்யாவிக்குக்குப் போய்விட்டாள்.

இந்த ஜூலையில், பழி உடையில் இல்லை என்று தலைநகரில் பெண்கள் வருடாவருடம் நடத்தும் ஊர்வலத்தை இங்கேயும் நடத்துவேன் என்று வந்து நின்றாள்.

"அப்பா வருவாரா அத்தை?"

"நீ கூப்பிட்டியா?"

"இல்ல. கூப்பிட்டு வர்றதுன்னா எனக்கு வேண்டாம்."

பிடிவாதத்தில் அப்பனை உரித்து வைத்திருக்கிறாள், என் செல்லம்.

பத்துப் பதினைந்து பெண்கள், ஒரு நாய். அவ்வளவுதான் கூட்டம். ஸ்வாலா அன்றைய அதே பாவாடையும் கம்பளிச் சட்டையும் போட்டிருந்தாள். கையில் ஓர் அட்டை: 'குற்றம் என் துணியில் இல்லை.' குளத்தருகே வந்தபோது தொட்டியிலிருந்து, அண்ணனோடு தினமும் ஊறும் ஓட்டாரின் குரல் கேட்டது.

"என்னப்பா ஸ்டெய்ன்தோர், உம்பொண்ணு அன்னிக்கும் இவ்வளவுதான் போட்டிருந்தாளா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். ஸ்வாலாவின் அட்டை கீழே இறங்கியது. எனக்கு அவன் கழுத்தை நெரிக்கலாம் போல இருந்தது.

அண்ணன் எழுந்து நின்றார்.

"ஆமாடா. இப்ப நீ போட்டிருக்கிறதவிட நிறையத்தான் போட்டிருந்தா."

ஓட்டார் தன் தொப்பையைக் குனிந்து பார்த்துவிட்டு மெல்லத் தண்ணீருக்குள் இறங்கினான். அண்ணன் வேலிக் கதவைத் திறந்துகொண்டு, வெறுங்காலோடு, சாயம் போன நீச்சல் கால்சட்டையில் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து மகள் பக்கத்தில் நின்றார்.

ஸ்வாலாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "அப்பா, குளிருதுப்பா. போய் எதையாவது போட்டுட்டு வா."

"வேணாம். ஊர் முழுக்க இப்படியே நடக்கிறேன். எவனாவது எம்மேல கை வைக்கிறானான்னு பாப்போம்."

ஒருவனும் வைக்கவில்லை. ஸ்வாலாதான் அந்த ஈரக் கையைத் துறைமுகம் வரை பிடித்துக்கொண்டே வந்தாள்.