மூன்றாவது பொருளுக்கு மூன்று கார்டுகள்

அகராதி அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருத்தியை ‘அகராதி புடிச்சவ’ என்று சொல்லிச் சிரிப்பதில் என்ன சுவையோ தெரியாது. அந்த ஆங்கில-தமிழ் அகராதிக் கூடத்தில் பன்னிரண்டு வருடமாக எல்லோரும் உதவி ஆசிரியையை அப்படித்தான் சொன்னார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவாள். ஆனால் அந்தத் திங்கட்கிழமை, தன் பணிக்கோப்பில் தலைமை ஆசிரியர் எழுதியிருந்த வரியைப் படித்தபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ‘திறமை உண்டு. ஃபோகஸ் போதாது.’

அடுத்த தொகுதிக்குப் பிரிவு ஆசிரியர் ஒருவரைப் போட வேண்டியிருந்தது. வேலையை வைத்துப் பார்த்தால் அந்தப் பதவி அவளுக்குத்தான். அது துணை ஆசிரியருக்குப் போகப்போகிறது என்பதற்கு அந்த ஒரு வரி போதும். துணை ஆசிரியர் கெட்டவர் இல்லை. தலைமை ஆசிரியர் கிழக்கு என்றால் கிழக்கு, மேற்கு என்றால் மேற்கு, அவ்வளவுதான். கூடத்தில் அவருக்கு ‘ஆமாஞ்சாமி’ என்றே பெயர்.

அவள் நேரே தலைமை ஆசிரியரின் அறைக்குப் போனாள்.

“என் வேலையில என்ன தப்பு சார் கண்டீங்க?”

“தப்புன்னு யாரும்மா சொன்னா?” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரலில் அப்படியொரு பரிவு. “உங்க பொண்ணுக்கு இழுப்பு வந்தா பள்ளிக்கூடத்துலேர்ந்து போன் வருது, எழுந்து ஓடுறீங்க. ஓடத்தான் வேணும். நான் குத்தமா சொல்லல. கல்யாணம் ஆகிக் குழந்தையும் ஆயிட்டா பொம்பளைங்களுக்கு ஃபோகஸ் போயிடுது. அது இயற்கை.”

போன வருடம் முழுக்க அவள் அப்படி ஓடியது நான்கு தடவை. அந்த நான்கு நாளும் தன் பங்குச் சொற்களை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் தூங்கினாள். அவள் கொடுத்த பக்கம் ஒன்றுகூடத் திருத்தத்துக்குத் திரும்பி வந்ததில்லை. இதையெல்லாம் சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் கெஞ்சுகிற மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. அப்படியே வெளியே வந்தாள்.

மேஜையில் வந்து உட்கார்ந்தால், அந்த வாரம் அவள் முடிக்க வேண்டிய சொற்களில் அதே ஃபோகஸ் காத்துக்கொண்டிருக்கிறது! விதியே என்று அட்டைப்பெட்டியைத் திறந்தாள். அறுபத்து மூன்று கார்டுகள்.

அந்தக் கூடத்தின் வேலை முறையே கார்டுதான். ஒரு சொல்லை யாராவது பயன்படுத்தியதைப் படித்தாலோ கேட்டாலோ, அந்த வாக்கியத்தை அப்படியே கார்டில் எழுத வேண்டும். யார் சொன்னது, எங்கே, என்ன தேதி, கேட்டது யார் என்று கீழே குறிக்க வேண்டும். எடுத்துக்காட்டு வாக்கியத்தை ஆசிரியர்களே உட்கார்ந்து ஜோடிக்கக் கூடாது. “ஜனங்க வாயில வராததை அகராதியில ஏத்தாதே” என்பது தலைமை ஆசிரியர் இருபது வருடத்துக்கு முன்னால் போட்ட சட்டம். அதில் அவருக்கு ஏகப் பெருமை. வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் சொல்லிக் காட்டுவார்.

முதல் பொருளுக்குக் கஷ்டமில்லை. கண்ணாடி வில்லை வழியாக வரும் ஒளி ஓரிடத்தில் கூடுவது, படம் தெளிவாக விழுவது. புகைப்படக்காரர்கள் சொன்ன கார்டுகள் இருபதுக்கு மேல் கிடந்தன. இரண்டாவது, மற்றதை விட்டு ஒன்றில் மனத்தை நிறுத்துவது. கோச்சுகள், வாத்தியார்கள், பரீட்சைக்குப் பிள்ளைகளை விரட்டுகிற அம்மாக்கள் என்று இதற்கும் பஞ்சமில்லை. அவள் கார்டுகளைப் பிரித்து அடுக்கினாள். அப்புறம் வெற்றுக் கார்டு ஒன்றை எடுத்தாள். தலைமை ஆசிரியர் சற்று முன் சொன்ன வாக்கியத்தை ஓர் எழுத்து மாறாமல் எழுதினாள். சொன்னவர், இடம், தேதி, கேட்டவர் எல்லாம் குறித்தாள்.

வியாழக்கிழமை காலை அவர் கூடத்துக்கே வந்துவிட்டார். கையில் அவள் கொடுத்த தாள்.

“என்னம்மா இது? மூணாவது பொருள்னு எழுதியிருக்கீங்க. ‘ஒருவருக்கு உரியதை மறுக்கும்போது, வேறு காரணம் காட்ட முடியாத இடத்தில் சொல்லப்படுவது.’ இது அகராதியா, புகார்ப் பெட்டியா?”

“கார்டு இருக்கு சார்.”

“ஒரு கார்டு இருக்கு.” அவர் சிரித்தார். “சட்டம் தெரியுமில்ல? புதுப் பொருள் ஏத்தணும்னா மூணு பேர் கேட்ட மூணு கார்டு வேணும். நீங்க ஒருத்தரே மூணும் எழுத முடியாது.”

“ஆமாம் சார், மூணு வேணும்” என்றார் துணை ஆசிரியர், பக்கத்து மேஜையிலிருந்து.

அவளுக்கு முகம் சிவந்தது. சட்டம் அவளுக்குத் தெரியும், கோபத்தில் மறந்து தொலைத்திருந்தாள். பன்னிரண்டு வருடம் கார்டு எழுதியவள் செய்கிற தப்பா இது! “நாளைக்குத்தானே சார் அச்சுக்கு முன்னாடி வாசிப்பு? அதுவரைக்கும் தாள் அப்படியே இருக்கட்டும்” என்றாள், விட்டுக்கொடுக்காமல்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்தபோது அவளுடைய பெட்டிக்கு மேல் ஒரு கார்டு கிடந்தது. தட்டச்சு செய்கிற பெண்ணின் கையெழுத்து. ‘வயித்துல ஒண்ணைச் சுமந்துகிட்டு இருக்கிறவளுக்கு ஃபோகஸ் எப்படிம்மா இருக்கும்? உதவி ஆசிரியர் தேர்வை அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்.’ சொன்னவர் தலைமை ஆசிரியர். தேதி மூன்று வருடத்துக்கு முந்தையது. அந்த அடுத்த வருஷம் வரவே இல்லை.

அவள் திரும்பிப் பார்த்தாள். தட்டச்சுப் பெண் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். “தேதியெல்லாம் சரியாத்தான் இருக்குக்கா. எனக்கு மறக்குமா?”

ஆக இரண்டு. சேதி எட்டியதோ என்னவோ, சாயங்காலம் தலைமை ஆசிரியர் உதவி ஆசிரியையை மறுபடி அறைக்குக் கூப்பிட்டார். இந்தத் தடவை உட்காரச் சொன்னார், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

“இதை வளர்க்க வேண்டாம்மா. அந்தப் பதவி உங்களுக்கே இருக்கட்டும். கோப்புல எழுதினதையும் அடிச்சுடறேன். நீங்க அந்தக் கார்டு ரெண்டையும் எடுத்துடுங்க.”

பதவி! ஒரு நிமிடம் அவள் மனம் தடுமாறியது உண்மைதான். தனி அறை, அகராதி அட்டையின் உள்பக்கத்தில் பெயர், வீட்டில் கணவரிடம் சொல்ல ஒரு நல்ல சேதி. பிறகு தட்டச்சுப் பெண் நினைவுக்கு வந்தாள். அவளுக்குப் போன தேர்வை யார் திருப்பித் தரப்போகிறார்கள்?

“பதவி என் வேலைக்குக் கிடைச்சா வாங்கிக்கிறேன் சார். கார்டுக்குப் பதிலா வேண்டாம்.”

“யோசிச்சுப் பேசுங்க.”

“யோசிச்சுட்டேன் சார். நல்லா ஃபோகஸ் பண்ணி யோசிச்சேன்.”

வீட்டில் கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “வந்த லட்சுமியைக் காலால எட்டி உதைச்சுட்டு வந்திருக்கே. உனக்கு ஏன் இந்த வம்பு?” வம்புதான். ஆனால் அன்று ராத்திரி வெகு காலத்துக்குப் பிறகு அவள் நன்றாகத் தூங்கினாள்.

வெள்ளிக்கிழமை வாசிப்பு. அச்சுக்குப் போகும் சொற்கள் ஒவ்வொன்றையும் தலைமை ஆசிரியர் கூடத்தின் நடுவில் நின்று உரக்கப் படிப்பார். பொருளை, பிறகு அதற்கான கார்டுகளை. ஆட்சேபம் இருந்தால் மேஜையைத் தட்ட வேண்டும். யாரும் தட்டாவிட்டால் அது அகராதி. ஃபோகஸ் வந்தது. முதல் பொருளைப் படித்தார், இரண்டாவதைப் படித்தார். தாளைத் திருப்பினார்.

“மூணாவதுக்குக் கார்டு ரெண்டுதான். சட்டப்படி தள்ளுபடி. அடுத்த சொல்...”

மேஜை தட்டும் சத்தம் கேட்டது. தட்டியது அவள் இல்லை. துணை ஆசிரியர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு கார்டை எடுத்து நீட்டினார். பழுப்பேறி, ஓரம் மடங்கிய கார்டு.

“என்னய்யா இது?” என்றார் தலைமை ஆசிரியர்.

“ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி எழுதினது சார். டிராயர்லயே கிடந்தது. பெட்டியில போடத் தைரியம் வரல.” அவர் கார்டை இன்னும் முன்னால் நீட்டினார். “எங்கம்மா ஆஸ்பத்திரியில கிடந்தப்ப நான் பத்து நாள் லீவு கேட்டேன். நினைவிருக்கா? படிங்க சார். சத்தமாப் படிக்கிறதுதானே வழக்கம்.”

பதவி தன்னைத் தேடி வருகிற நேரத்தில் இந்த மனுஷன் இப்படி எழுந்து நிற்பார் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. ஒன்பது வருடமாக ஆமாம் போட்ட மனுஷன். அவளுக்குக் கண் கலங்கியது.

தலைமை ஆசிரியர் கார்டைப் பார்த்தார், கூடத்தைப் பார்த்தார். அவர் போட்ட சட்டம், அவர் வைத்த வழக்கம். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டியது. கடைசியில் மூன்றாவது பொருளைப் படித்தார். அவளுடைய கார்டைப் படித்தார். தட்டச்சுப் பெண்ணுடைய கார்டைப் படித்தார். மூன்றாவதை எடுத்தபோது அந்தக் கணீர்க் குரல் கம்மிவிட்டது.

“‘சாகப்போற கிழவி பக்கத்துல பத்து நாள் உட்கார்ந்து என்ன பண்ணப்போறே? வேலையில ஃபோகஸ் பண்ணு.’”

படித்துவிட்டுக் காத்திருந்தார். யாராவது தட்ட மாட்டார்களா என்று அவர் கண் ஒவ்வொரு மேஜையாகப் போயிற்று. எல்லோர் கையும் மடியில் இருந்தது.

பதவி இனித் தன் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது என்று அவளுக்குத் தெரியும். துணை ஆசிரியர் பக்கமும் பார்க்காது. போகட்டும் என்றிருந்தது. அவள் தன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“யாரும் தட்டல சார்” என்றாள். “அடுத்த சொல்லைப் படிங்க.”