அடியில் போன பெட்டி

வாய்க்கொழுப்புக்கு ஒரு சங்கம் வைத்தால் நான்தான் போட்டியில்லாத தலைவர். இல்லையென்றால் மில் முதலாளி முன்னால் நின்று, "ரயிலா? அது ஆடி அசைஞ்சு வந்து சேர்றதுக்குள்ள கப்பலே கிழடாயிடும் சார்" என்று சொல்லியிருப்பேனா? பக்கத்தில் நின்றது கூட்ஸ் ஸ்டேஷன் கிளார்க், என் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன்.

முதலாளி சிரித்துவிட்டு ஆளுக்கொரு கண்டெய்னர் கொடுத்தார். யாருடைய பெட்டி முதலில் கப்பலில் ஏறுகிறதோ, அவருக்கே இனி மில் லோடு முழுவதும். எனக்கிருப்பது ஒரே லாரி. மில் லோடு போனால் அது வாசலில் நிற்கும், பக்கத்தில் நானும் நிற்பேன்.

சோறு தண்ணீர் பார்க்காமல் ஓட்டினேன். துறைமுகத்தில் முதல் ஆளாகப் பெட்டியை இறக்கிவிட்டு மனைவிக்குப் போன் போட்டேன்.

"உங்கண்ணன் எந்த சிக்னல்ல நிக்கிறாராம்?"

"பதறாத காரியம் சிதறாது" என்றாள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ரயில் வந்தது. அதில் வந்த பெட்டிகளைக் கிரேன்காரர் என் பெட்டியின் தலைமேல் அடுக்கினார். கப்பல் வந்ததும் மேலேயிருந்துதானே எடுக்க முடியும்? முந்திரிக்கொட்டையாக முந்தியவன் பெட்டி அடியில் கிடந்தது. உச்சியில் மச்சானுடையது.

போதாக்குறைக்கு, பெட்டிகளைக் கப்பலடிக்குக் கொண்டுபோகும் துறைமுக வண்டி ரிப்பேர். அங்கே காலியாக நின்றது என் லாரி மட்டும்தான்.

"மேல இருக்கறத நீங்க கொண்டுபோனாத்தான் உங்களுது வெளிய வரும். இல்லேன்னா ரெண்டுமே அடுத்த கப்பல்" என்றார் கிரேன்காரர்.

மச்சானின் பெட்டியை என் லாரியிலேயே ஏற்றி, நானே ஓட்டிப்போய், அவரை ஜெயிக்கவைத்தேன். என் பெட்டி கடைசியாக ஏறியது. "இருந்தாலும் ஓட்டினது நான்தானே" என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன். மீசையில் ஒட்டிய மண்ணைத் துடைத்துக்கொள்ளச் சொன்னாள்.

மில்லில் தலை குனிந்து நின்றேன். மச்சான் தொண்டையைச் செருமினார்.

"சார், தண்டவாளம் உங்க மில் வாசலுக்கு வராது. இந்தப் பெட்டியவே வாடகை லாரி பிடிச்சுத்தான் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனேன். இனிமே அதுக்கு மாப்பிள்ளை லாரி வேணும். இல்லேன்னா எனக்கும் இந்த லோடு வேண்டாம்."

வெட்கத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இப்போது தினமும் ஸ்டேஷனில் லாரியை நிறுத்திக்கொண்டு ரயில் வருகிறதா என்று எட்டி எட்டிப் பார்க்கிறேன். மச்சான் தலையை வெளியே நீட்டுவார்.

"அவசரப்படாதீங்க மாப்ளே, கப்பல் இன்னும் இளசாத்தான் இருக்கு."