நூற்றைம்பது அடி

கல் தானாக நடந்து போயிருக்காது. யாரோ தூக்கித்தான் போயிருக்க வேண்டும். தூக்கியவர்களை எனக்குத் தெரியும். தெரியாமல் இருந்திருந்தால் இந்நேரம் கையெழுத்தை வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போயிருப்பேன்.

ஜெகதீஸ்வரி இதை யாரிடமும் சொல்லவில்லை. மேசையில் விரித்திருந்த குளத்தின் வரைபடத்தைப் பார்த்தபடி இருந்தாள். அவள் நிலம் அளந்து எழுதும் வேலை பார்த்த காணிக் கந்தோர் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து, இப்போது ஒரு சங்கத்தின் நெல் களஞ்சியத்தில் நடந்தது. மழை நாட்களில் சுவர்களிலிருந்து புழுங்கிய நெல்லின் மணம் வரும். தொண்ணூற்றாறில் ஷெல் விழுந்து கணவர் செத்தபோது, எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த மறுநாளே அவள் வேலைக்கு வந்துவிட்டாள். கல்நெஞ்சுக்காரி என்று உறவினர்கள் கதைத்தது காதில் விழுந்தது. அதுவும் வேறு யாரையோ பற்றிய கதை போலத்தான் இருந்தது. ஒன்றரை வருடமாக எல்லாமே அப்படித்தான்.

வரைபடம் குடியேற்றத்திட்டம் தொடங்கிய காலத்தது. குளம் நிரம்பி நிற்கும்போது தண்ணீர் தொடும் விளிம்பிலிருந்து நூற்றைம்பது அடி வரை குழி வெட்டக்கூடாது, மரம் தறிக்கக்கூடாது, கட்டடம் எழுப்பக்கூடாது. அந்த எல்லையைக் காட்ட, பாலை மரங்கள் நிற்கும் மேட்டின் உச்சியில் இலக்கம் வெட்டிய கல் ஒன்று நடப்பட்டிருந்தது. கோப்பில் இருந்த பழைய தாள் ஒன்று காரணமும் சொன்னது: மண் கரைந்து குளம் தூர்ந்துபோகாமல் இருக்க, மேட்டின் இயற்கைத் தோற்றம் கெடாமல் இருக்க. இரண்டாவது காரணத்தை அவள் இரண்டு தரம் வாசித்தாள். சம்பளத்துக்கு எழுதும் ஒருவருக்கு இதையும் எழுதவேண்டும் என்று தோன்றியிருக்கிறது.

நேற்று அவளும் அந்த மேட்டில் நின்றாள். மார்கழித் தண்ணீர் மருத மரங்களின் வேர்வரை ஏறி நின்றது. எதிர்க்கரையில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. இது அழகு என்று அவளுக்குத் தெரிந்தது. இன்று வெள்ளிக்கிழமை என்று தெரிவதைப்போலத் தெரிந்தது, அவ்வளவுதான்.

மேட்டில் கல் இருந்த இடத்தில் ஒரு குழி மட்டும் கிடந்தது. கல் கீழே, தண்ணீரிலிருந்து இருபது அடியில், ஒரு மருத மரத்தடியில் நின்றது. சிவப்புத் துணி சுற்றி, குங்குமம் அப்பி, எண்ணெய் ஊற்றியிருந்தார்கள். துணியை விலக்காமலே இலக்கத்தின் கடைசி இரண்டு எண்கள் தெரிந்தன. அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்ற வீரம்மாதான் சொன்னாள். எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடிவந்து இந்தக் குளத்தடியில் காடு வெட்டியவர்களில் அவள் ஒருத்தி.

"காய்ச்சல்ல ஒரே மாசத்துல எங்க லைன் வீடுங்கள்ல அஞ்சு உசிருங்க போச்சு. முனியாண்டிய வைக்கணும்னாங்க. நாலு மூலையும் சதுரமா வேற கல்லு இந்தப் பக்கம் ஏதும்மா? மேட்டுல சும்மாதானே கெடந்துச்சு. நாலு பேரு தூக்கியாந்தாங்க." சொல்லிவிட்டு நாடாவைப் பார்த்தாள். "தப்புங்களாம்மா?"

ஜெகதீஸ்வரி நாடாவைச் சுற்றினாள்.

இன்று பிற்பகலில் மயில்வாகனம் கந்தோருக்கு வந்தார். தீவுப்பக்கத்திலிருந்து வந்து வாய்க்கால் காணி எடுத்து, இப்போது மூன்று உழவு இயந்திரங்கள் வைத்திருப்பவர். வீதிக்குக் கிரவல் மண் போடும் வேலை அவருக்குக் கிடைத்திருந்தது; மண்ணை அந்த மேட்டில் வெட்டக் கேட்டார். காட்டோரத்தில் வேறு கிரவல் இருக்கிறது, ஆனால் ஐந்து மைல். டீசல் இருக்கிற நிலைமையில் முடியாது என்றார். காணி உத்தியோகத்தர் அப்புத்துரை கோப்பை அவள் பக்கம் திருப்பி வைத்தார். எல்லைக்கல் உரிய இடத்தில் காணப்பட்டது என்று ஒரு வரி ஏற்கெனவே எழுதியிருந்தது. கல் இப்போது நிற்கும் மருத மரத்தடிதான் அதன் உரிய இடம் என்று வைத்துக்கொண்டால் மேடு முழுவதும் எல்லைக்கு வெளியே போய்விடும்.

"முனியாண்டி நிக்கிற இடம் பிழையெண்டு சொல்லேலுமே, தங்கச்சி?" என்று மயில்வாகனம் சிரித்தார்.

அப்புத்துரை சிரிக்கவில்லை. அவர் கெட்ட மனிதர் அல்ல. ஷெல்லடிக்குள் அவளுடைய சம்பளத்தைச் சைக்கிளில் கொண்டுவந்து தந்தவர். குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை, கல் இடம் மாறியிருக்குது எண்டு எழுதினீரோ, ஆர் மாத்தினது எண்டு கேப்பினம். எல்லைக்கல்லை அசைக்கிறது குற்றம். அந்தத் தோட்டத்துச் சனத்தைத்தான் இழுத்துக்கொண்டு போவினம். யோசியும்."

அவள் யோசித்தாள். இந்த வரிக்குக் கையெழுத்து வைத்தால் மேடு போகும். மாற்றி எழுதினால் வீரம்மா போவாள். இரண்டையும் மனதுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். எதற்காகவாவது நெஞ்சு பதறுமா என்று காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை.

"றோட்டைப் பாரும்," என்றார் மயில்வாகனம். இப்போது சிரிப்பு இல்லை. "மேட்டைப் பாத்துக்கொண்டிருந்தா வருத்தக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவினமோ?"

யன்னலுக்கு வெளியே ஒருவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான். கரியரில் ஒரு பெண் போர்வைக்குள் நடுங்கியபடி இருந்தாள். சில்லு சேற்றில் புதைந்தது. அவன் தோளைக் கொடுத்து உந்தினான். ஜெகதீஸ்வரி அந்தச் சில்லு வெளியே வரும்வரை பார்த்தாள். மயில்வாகனம் சொன்னது பொய்யல்ல. அதனாலும் கல் மேட்டுக்குத் திரும்பிப் போய்விடாது. அது மரத்தடியில்தான் நடப்பட்டது என்றும் ஆகிவிடாது.

அவள் கோப்பை மூடாமல், திறந்தபடியே அப்புத்துரையின் பக்கம் தள்ளினாள்.

"நான் கையெழுத்து வைக்கேல்லை, ஐயா."

"அப்ப கல் எடுபட்டது எண்டு எழுதப்போறீரோ?"

"அதையும் எழுதமாட்டன்."

"என்னெண்டு? ஏதாவது ஒண்டு எழுதத்தானே வேணும். உம்மைப் புதுக்குடியிருப்புக்கு மாத்திப்போட்டு வேற ஆளைப் போடுவினம். அவன் வைப்பான்."

"வைக்கட்டும்," என்றாள். "நான் வைக்கேல்லை."

மயில்வாகனம் கதிரையைப் பின்னுக்குத் தள்ளி எழும்பினார். வெளியே போய்விட்டார். அப்புத்துரை கண்ணாடியைக் கழற்றிச் சேட்டு நுனியால் நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். கையெழுத்துக்கு விட்டிருந்த வெற்றிடத்திலிருந்து ஒரு சிற்றெறும்பு புறப்பட்டு, மேசையின் கீறல்களைத் தாண்டி, அவளுடைய விரலில் ஏறியது. அது முழங்கையை நோக்கி ஊர்ந்துபோவது தோலில் தெரிந்தது. அவள் கையை உதறவில்லை.