வெர்லின் பார்த்துவிட்ட உதை

ஒரே ஒரு புள்ளியில் தோற்றோம். இருபத்தொன்றுக்கு இருபது. அதுவும் மார்லோ கல்லூரியிடம். அவர்களுடைய ரசிகர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. சொன்னால் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் நிம்மதியாக உட்கார முடியாது.

ஊரே கடைசி உதையைத் தவறவிட்ட டோமாசெக் பையனைத் திட்டுகிறது. என்னைக் கேட்டால் ஆட்டத்தின் மூன்றாம் கால்பகுதியில் வெண்ணெய் தடவிய கையோடு பந்தை நழுவவிட்டவனைத்தான் முதலில் திட்ட வேண்டும். ஆனால் அரங்கில் எங்கள் வரிசைக்காரர்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டு என் கணவர் வெர்லினைத் திட்டுகிறார்கள்.

எங்கள் கெல்டன் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணி பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைக்கப்போகிறது என்றால் வெர்லின் பார்க்கக் கூடாது. பார்த்தால் உள்ளே போகாது. கல்யாணமான புதிதில் அவரே கண்டுபிடித்த சட்டம் இது. உதைக்கிற பையன் களத்துக்குள் வந்ததும் இவர் எழுந்து போய், கீழே சோளப்பொரிக் கடைக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்தபடி நிற்பார். ஆரம்பத்தில் இதைக் கேலி செய்த வரிசைக்காரர்கள் இப்போது அவரைவிட மோசம். எழத் தாமதித்தால் பின்னால் உட்காரும் ஹாலிஸ் முதுகில் தட்டி அனுப்பிவைப்பார்.

ஆக, முக்கியமான உதைகளையெல்லாம் நான் தனியாகத்தான் பார்த்திருக்கிறேன். ஜெயித்தபோதெல்லாம் பக்கத்தில் யார் இருந்தார்களோ அவர்களைக் கட்டிப்பிடித்திருக்கிறேன். கோபம் வராதா? வந்தது. பிறகு பழகிப்போனது.

இந்த வருஷம் என் கண் கெட்டுப்போனது. ஓரமெல்லாம் தெரிகிறது, நடுவில் ஒன்றும் தெரிவதில்லை. ஒருவரைப் பார்த்தால் காது தெரியும், மூக்கு தெரியாது. மைதானத்தின் பச்சை தெரியும், ஆட்டக்காரர்கள் தெரிய மாட்டார்கள். அதனால் ஆட்டம் முழுக்க வெர்லின் என் காதோரம் சொல்லிக்கொண்டே இருப்பார். உதை வந்தால் மட்டும் பாதியில் நிறுத்திவிட்டு ஓடிவிடுவார். எதையாவது பார்க்க முடிந்தவரை அது பரவாயில்லை. இப்போது இருட்டில் விட்டுவிட்டுப் போவது மாதிரி இருந்தது.

சனிக்கிழமை காலையிலேயே முடிவு செய்துவிட்டேன். சீசனின் கடைசி ஆட்டம் இது. அடுத்த வருஷத்துக்கு என் இருக்கையைப் பதிவு செய்ய வேண்டாம் என்று திரும்பி வரும்போது அவரிடம் சொல்லிவிட வேண்டும். வீட்டில் ரேடியோ இருக்கிறது. உதை வந்தால் அது எழுந்து போகாது.

ஆட்டம் முடிய சில விநாடிகள்தான் பாக்கி. உள்ளே போனால் மூன்று புள்ளி, வெற்றி எங்களுக்கு. டோமாசெக் களத்துக்குள் வந்துவிட்டான் என்று வெர்லின் சொன்னார். நான் என் கால்களை ஒதுக்கி அவருக்கு வழிவிட்டேன். அவர் அசையவில்லை.

ஹாலிஸ் முதுகில் தட்டினார். "எந்திரி வெர்லின். நேரமாச்சு."

"நான் போகல."

"டேய், விளையாடாத. ஒரு புள்ளி பின்னாடி இருக்கோம்."

"நான் போயிட்டா இவளுக்கு யாரு சொல்றது?"

வரிசை முழுக்க முணுமுணுப்பு. எனக்கே பயமாகிவிட்டது. போய்விட்டு வாருங்கள், சத்தத்தை வைத்துத் தெரிந்துகொள்கிறேன் என்றேன். அவர் ஹாலிஸிடம், கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறேன், போதுமா என்று கேட்டார். பிறகு கையுறையோடு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பையன் பின்னால போறான்," என்றார் மெதுவாக. "காலால புல்லை அழுத்திப் பாக்கறான். தயார்னு தலையை ஆட்டிட்டான்."

கண்ணை மூடியிருக்கும் மனுஷனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

"உதைச்சுட்டான், ஆர்டித். நல்ல உயரம். நேரா போகுது... காத்து தள்ளுது..."

கம்பத்தில் பந்து பட்ட சத்தம் எனக்கும் கேட்டது. அப்புறம் மார்லோக்காரர்கள் பக்கம் மட்டும்தான் இரைச்சல்.

வண்டிகள் நிற்கும் இடத்தில், ஹாலிஸ் தன் வண்டியின் பின்பக்கத்தைத் திறந்துபோட்டு, எப்போதும்போல் எல்லோருக்கும் சில்லி என்கிற காரமான இறைச்சிக் குழம்பும் லவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டியும் கொடுத்தார். வெர்லினுக்கு மட்டும் கொடுக்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அவர் கண்ணை மூடித்தானே இருந்தார் என்று கேட்டார். இறுக்கி மூடியிருந்தார் என்றேன். என் கண்ணின் லட்சணம் தெரிந்தும் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டது அவர் தப்பு.

"பொய் சொல்றா," என்று பின்னாலிருந்து வெர்லின் குரல். "பாத்தேன். கடைசிவரைக்கும் பாத்தேன்."

என் கிண்ணத்திலேயே நாங்கள் இருவரும் சாப்பிட்டோம்.

திரும்பும் வழியில் ரேடியோவில் ஆளாளுக்கு அந்தப் பையனை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். வெர்லின் அதை அணைத்தார். அறுவடை முடிந்த சோளக்காடுகள் இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தன. அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும். தோற்கடித்தது தான்தான் என்று அவர் நிஜமாகவே நம்பினார். இதை விளையாட்டாக நம்புகிற ஆள் இல்லை அவர்.

என் முடிவைச் சொன்னேன். அடுத்த வருஷம் நீங்கள் மட்டும் போங்கள், என் இருக்கையை விட்டுவிடலாம் என்றேன்.

"உன் சீட்டுல எவனாவது வந்து உக்காருவான். நான் அவனுக்கா சொல்லிட்டிருக்க முடியும்?"

"உதை வந்தா?"

"பாத்துச் சொல்வேன். எல்லா உதையையும்."

"தோத்துருவோமே, வெர்லின்."

"தோத்தா தோக்கட்டும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆட்டம் போனதற்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். அந்தப் பையன் சின்னவன்தான், காலில் நல்ல பலம் இருக்கிறது, அடுத்த வருஷம் தேறிவிடுவான் என்று வீடு வந்து சேரும்வரை எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்தார்.