தகரத்துக்கு அந்தப்பக்கம்

கடைசித் தகரத்தையும் ஆணியடித்து முடித்தபோது நெஸிம் மைதானத்தின் நடுக்கோட்டில் நின்று அண்ணாந்து பார்த்தார். கோல் கம்பத்துக்குப் பின்னால் இருந்த குடியிருப்பில் இப்போது ஐந்தாம் மாடி மட்டும்தான் தெரிந்தது. மைதானம் மேட்டில் இருக்கிறது, கட்டடம் பள்ளத்தில் நிற்கிறது. சுரங்கத்திலிருந்து கொண்டுவந்த முட்டுக்கம்பங்களை நட்டு அவற்றின்மேல் தகரம் அடித்ததும், கீழ் மாடி பால்கனிகள் எல்லாம் காணாமல் போய்விட்டன. ஐந்தாம் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒருத்தி குனிந்து குரல் கொடுத்தாள்.

"ஏம்ப்பா நெஸிம், இனிமே வெயிலுக்கும் டிக்கெட் போடுவியா? என் துணி காயணும்."

வேறொரு நாளாக இருந்தால் நெஸிம் அவளுடைய மாமியார் வரைக்கும் இழுத்துப் பதில் சொல்லியிருப்பார். கால்பந்து மன்றத்தின் செயலாளர் ஆவதற்கே அந்த வாய்தான் காரணம் என்று ஊரில் சொல்வார்கள். இன்று அவர் கண் மூன்றாம் மாடி இருக்க வேண்டிய இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. அங்கேதான் அக்கா சப்ரியேவின் வீடு. அந்தப் பால்கனியில்தான் இரண்டு வருஷமாக அக்கா புருஷன் தெமிர் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிறார்.

ஊர் அணியான ஷ்கெம்பிக்கு இந்த மைதானத்தில் இன்று நடப்பதுதான் கடைசி ஆட்டம். தலைநகரிலிருந்து வந்த கால்பந்துச் சங்கத்து ஆட்கள் வீரர்கள் உடைமாற்றும் அறையின் குழாயைத் திறந்தார்கள். தண்ணீர் வரவில்லை. ஆட்டம் பார்க்கிறவர்கள் உட்காரும் உடைந்த சிமென்ட் படிகளைப் பார்த்தார்கள், உதட்டைப் பிதுக்கினார்கள், போய்விட்டார்கள். அடுத்த பருவத்திலிருந்து ஷ்கெம்பியின் சொந்த ஆட்டங்களெல்லாம் ஆற்றோடு இறங்கி ஒரு மணி நேரம் போனால் வரும் உரா ஊர் மைதானத்தில் நடக்கும். எந்த உராவை ஜெயித்தால் ஒரு வாரத்துக்குச் சுரங்கத்தில் பாட்டுச் சத்தம் கேட்குமோ, அதே உரா. பகையாளி வீட்டு முற்றத்தில் நம் வீட்டுக் கல்யாணத்தை நடத்துவதுபோல என்று நெஸிம் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தார். போதாக்குறைக்கு இன்றைய ஆட்டமும் உராவோடுதான்.

கடைசி ஆட்டத்தை யாரும் ஓசியில் பார்க்கக் கூடாது, தகரம் அடியுங்கள் என்றது மன்றத் தலைவர் பெத்ரித். ஆட்டம் இருக்கிற நாளில் அந்தக் குடியிருப்பில் ஒரு வீட்டுக் கதவும் பூட்டியிருக்காது. யார் வேண்டுமானாலும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு யார் வீட்டுக்குள்ளும் நுழையலாம். வந்தவனுக்குக் காபி கொடுத்தாக வேண்டும், அது விருந்தினர் மரியாதை. எதிரணிக்குக் கத்துகிறவனாக இருந்தாலும் காபி உண்டு. அப்படி ஒரு வழக்கத்தில் கைவைக்கிறோமே என்று பெத்ரித்துக்கே கொஞ்சம் உறுத்தியிருக்க வேண்டும்.

"உங்க அக்கா வீட்டுக்கு நேரா மட்டும் ரெண்டு தகரம் விட்டுடலாமா? உனக்கும் தெமிருக்கும் ஏற்கெனவே ஆகாது. என்னால பெருசாக வேண்டாம்" என்று கேட்டார்.

"வேண்டாம். மூடச் சொல்லுங்க" என்றார் நெஸிம்.

அது வீம்பு இல்லை. வீம்பு என்று பெத்ரித் நினைத்துக்கொண்டதில் நெஸிமுக்கு வசதியாகவும் இருந்தது. அவர் மனதில் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஆடுகிற காலத்தில் தெமிர் வலது தடுப்பாட்டக்காரர். அவருக்கு முன்னால் அதே ஓரத்தில் ஓடுகிறவர் நெஸிம். பதினோரு வருஷம் தெமிர் பின்னாலிருந்து "போ மாப்ள" என்று கத்த, நெஸிம் திரும்பிப் பார்க்காமல் ஓடியிருக்கிறார். பந்து தவறாமல் வந்து விழும். ஆடுகிற காலம் போனபிறகும் நடுக்கோட்டுக்கு நேரே, மூன்றாம் படியில், அட்டையைப் போட்டு இருவரும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் காபிக்கடையில் ஊரே இருக்கும்போது, அணித் தேர்வு பற்றி தெமிர் ஏதோ சொல்லப்போக, "ராக்கி சாராயம் குடிக்க மைதானத்துக்கு வர்ற ஆளுக்கு ஆட்டத்தப் பத்தி என்ன தெரியும்?" என்று நெஸிம் கேட்டுவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். தெமிரும் கூடவே சிரித்தமாதிரிதான் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் படியில் இல்லை. பால்கனியில், இஸ்திரி போட்ட சட்டையும் கோட்டுமாக உட்கார்ந்து, போகிற வருகிறவர்களுக்குக் கையசைத்துக்கொண்டிருந்தார். நெஸிமுக்கு மட்டும் அசைக்கவில்லை.

ஊர் வழக்கப்படி, தப்பாகப் பேசியவன்தான் வீடு தேடிப் போக வேண்டும். அக்கா வீட்டு வாசலில் நின்று, உள்ளே கூப்பிட்டு, காபி வந்து, அதை இரண்டு பேரும் குடித்தால் பகை தீர்ந்தது. நெஸிமுக்கு அது தெரியாமலில்லை. ஆனால் அந்தக் காபி வராமல் போனால்? இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டதில் இரண்டு வருஷம் ஓடிவிட்டது. தகரத்தால் மறைத்துவிட்டால், தான் ஆடிய மைதானத்தின் கடைசி ஆட்டத்தைப் பார்க்க மனுஷன் இறங்கி வந்துதானே ஆக வேண்டும்? வந்தால் எங்கே உட்காருவார்? மூன்றாம் படியில்தான். நெஸிம் காலையிலேயே அங்கே இரண்டு அட்டை போட்டு, ஒன்றின்மேல் தன் தொப்பியை வைத்தார்.

ஆட்டம் தொடங்கியது. படிகள் நிரம்பி வழிந்தன. சூரியகாந்தி விதை விற்கிறவன் நகர இடமில்லாமல் பொட்டலங்களைத் தலைக்குமேல் வீசிக்கொண்டிருந்தான். தொப்பி இருந்த இடத்தை மூன்று பேர் கேட்டார்கள், மூன்று பேரிடமும் நெஸிம் சண்டை போட்டார். உரா ஒரு கோல் போட்டது. நெஸிம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததால் அதைப் பார்க்கவில்லை. இடைவேளை வந்தது, தெமிர் வரவில்லை. இவ்வளவு ரோஷமா என்று முதலில் கோபம் வந்தது. ரோஷத்துக்காகக் கடைசி ஆட்டத்தையே விடுகிற ஆளா அவர் என்று பிறகு தோன்றியது. இரண்டாம் பாதிக்கு வீரர்கள் இறங்கும்போது நெஸிம் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

அந்தக் கட்டடத்தில் மின்தூக்கி கிடையாது, எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. மூன்றாம் மாடிக்கு ஏறுவதற்குள் நெஸிமுக்கே மூச்சு வாங்கியது. கதவு திறந்தேதான் இருந்தது. சப்ரியே வாசலுக்கு வந்து தம்பியைப் பார்த்தாள். அவர் காலணியைக் கழற்றட்டும் என்று வீட்டுச் செருப்பை எடுத்துப் போட்டாள்.

உள்ளே ஏதோ இயந்திரம் ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது. அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று தரையோடு ஊர்ந்து பால்கனி வரைக்கும் போனது. அதன் மறுமுனை தெமிரின் மூக்கில் இருந்தது. கோட்டும் சட்டையும் அதே மிடுக்கு. உள்ளே ஆள்தான் பாதியாகியிருந்தார். தகரத்தைப் பார்த்தபடி, ஆட்டம் பார்க்கிறவர்போலவே முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"வா மாப்ள" என்றார், திரும்பாமலே. "நம்ம ரைட் பேக் தூங்குறானா? ரெண்டு தடவ அந்த ஓரத்துலதான் உராக்காரனுங்க சத்தம் வந்துச்சு."

நெஸிம் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

"சுரங்கத் தூசுடா. நுரையீரல் முழுக்க" என்றாள் சப்ரியே. "வருஷம் ரெண்டாகுது. மாடிப்படி பக்கமே போகக்கூடாதுன்னுட்டாங்க. ஆட்டம் பாக்க ஆளு வந்தா குழாயக் கழட்டி வச்சிட்டு உக்காந்திருப்பார். யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு வாக்கு வாங்கிட்டார். உங்கிட்ட முக்கியமா."

கொடுத்த வாக்கைத் தம்பிக்காக ஏன் உடைக்கவில்லை என்று அவளைக் கேட்க முடியாது. அந்த ஊரில் பிறந்த யாரும் கேட்க மாட்டார்கள். நெஸிம் பால்கனி விளிம்பில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தார்.

"அத்தான், நான் காபிக்கடையில பேசினதுக்குத்தான் நீங்க..."

"அது நல்லதாப் போச்சு" தெமிர் மூச்சை இழுத்துக்கொண்டார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அவர் தனியாக மூச்சு சேர்க்க வேண்டியிருந்தது. "ஏன் கீழ வர்றதில்லன்னு கேட்டவனுக்கெல்லாம் உன் மேல கோவம்னு சொன்னேன். ஊரு நம்பிடுச்சு. நெஞ்சு போச்சுன்னு சொன்னா பாவம் பாப்பானுங்க. உன் வாய் எனக்கு ரெண்டு வருஷம் கஞ்சி ஊத்துச்சு."

சிரிக்கப் பார்த்தார், இருமலாக வந்தது. அது அடங்கும்வரை சப்ரியே அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷத்தில் ஒரே ஒரு நாள் இந்தப் படியேறியிருந்தால் போதும். ஒரு நாள்.

"நாலு பசங்களக் கூட்டிட்டு வரேன். நாற்காலியோட தூக்கிட்டுப் போயிடலாம். உங்க இடத்துல அட்டை போட்டு வச்சிருக்கேன் அத்தான்."

"என்னைத் தூக்கிட்டு எறங்க வேண்டியது ஒரு தடவதான். அதுக்கு இப்ப அவசரமில்ல."

"அப்போ தகரத்தையாவது பிரிச்சுப் போடறேன்."

"ஆட்டம் நடக்குறப்பவா? கோல் கம்பத்துக்குப் பின்னால ஏணி வச்சா ரெஃப்ரி ஆட்டத்த நிறுத்திடுவான். கடைசி ஆட்டம் பாதியில நின்னுச்சுன்னு வேற பேரு வரணுமா?" தெமிர் முதல் தடவையாகத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார். "பெத்ரித் சொன்னானா அடிக்கச் சொல்லி?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அந்த வாய்க்கு அது ஒரு பெரிய காரியமில்லை.

"இந்தப் பக்கம் விட்டுடலாம்னுதான் அவர் சொன்னார். நான்தான் மூடச் சொன்னேன். நீங்க கீழ வருவீங்கன்னு."

இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. கீழே மத்தளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். தெமிர் கண்ணைத் தகரத்துக்கே கொண்டுபோனார்.

"நானும் உங்கிட்ட சொல்லியிருக்கலாம்தான்" என்றார். "நீ வருவ வருவன்னு நானும் உக்காந்துட்டேன்."

சப்ரியே தட்டில் இரண்டு காபியும் இரண்டு தம்ளர் தண்ணீரும் கொண்டுவந்து இருவருக்கும் நடுவில் வைத்தாள். தெமிர் கோப்பையை இரண்டு கையாலும் தூக்கினார். நெஸிம் பிடிக்கப் போய், பிடிக்காமல் கையை மடியில் வைத்துக்கொண்டார். காபி சூடாக இருந்தது. இரண்டு பேரும் குடித்தார்கள்.

தகரத்துக்கு அந்தப்பக்கம் யாரோ பந்தை ஓங்கி உதைத்த சத்தம் கேட்டது. பந்து தகரத்தின் விளிம்பைத் தாண்டி எழும்பி, எதிர்மலையின் பழுப்புக்கு மேலே வெள்ளையாகச் சுழன்றுகொண்டு ஏறியது. தெமிர் கோப்பையை இறக்காமலே கழுத்தை நிமிர்த்தினார், நெஸிமும் நிமிர்ந்தார். ஒரு நொடி அது உச்சியில் நின்றது, பிறகு இறங்கி மறைந்துபோனது. மறைந்த இடத்தையே இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.