கண்ணியில் சிக்கியது

இடுப்பளவு நீரில் பின்னோக்கி நடந்து, ஆறு பேர் சில்வா ஏரியிலிருந்து வலையைக் கரையேற்றினார்கள். வலையின் பைபோன்ற மடியில் மட்டெம்பா மீன்கள் துள்ளின. விரல் நீளம்கூட இல்லாத மீன். முதுகில் ரம்பம்போல ஒரு முள். முதலாளி கசெம்பேயின் ஆட்கள் கூடைகளில் வாரி, காயவைக்கும் நாணல் பரண்களுக்குக் கொண்டுபோனார்கள்.

இழுத்தவர்களில் மூத்தவரான மக்வின்ஜா வலையைப் புல்லில் விரித்தார். மடியில் விழுந்தது முதலாளிக்கு, வலைக்கண்ணியில் சிக்கியது இழுத்தவனுக்கு. அவர் அப்பா காலத்திலிருந்து அதுதான் வழக்கம். ஒரு சட்டிக் குழம்புக்கு என்றும் குறைந்ததில்லை. பத்து நாளாகக் காய்ச்சலில் எதுவும் இறங்காமல் கிடந்த அவர் மனைவி எலூபி இன்று காலையில்தான் கேட்டிருந்தாள்: "தக்காளி போட்டு மட்டெம்பாச் சாறு வெச்சுத் தர்றீங்களா?"

ஆனால் வலை புதிது. கொசுவலைத் துணியில் தைத்தது. கூட இழுத்த டைசன் ஒரு முனையிலிருந்து தடவிக்கொண்டே வந்தான்.

"இதுல மீன் எங்க மாமா சிக்கும்? கொசுதான் சிக்கும்."

யாரும் சிரிக்கவில்லை.

"ஏம்ப்பா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்க?" என்றார் கசெம்பே, குடைக்குள்ளிருந்து. "வேணும்னா வந்து கேளுங்க. ஆளுக்கு ஒரு கை தர்றேன். இல்லைன்னா சொல்லப்போறேன்?"

மக்வின்ஜாவைத் தவிர மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போய்க் கேட்டார்கள். டைசன் வாங்கிக்கொண்டு திரும்பினான்.

"அத்தைக்காகவாவது போங்க மாமா. கைய நீட்டினா தேய்ஞ்சா போயிடும்?"

"சிக்குறது நம்மளுதுடா. அத எதுக்கு நான் கேட்டு வாங்கணும்?"

"சரி, என்னோடதுல பாதி எடுத்துக்குங்க."

"உன் பிள்ளைங்களுக்குக் கொண்டுபோ."

எல்லாரும் போனபின் அவர் முட்டிபோட்டு வலை முழுவதையும் தையல் தையலாகத் தடவினார். கடைசி முனையில், மடித்துத் தைத்த ஓரத்தில், முள் நூலில் மாட்டி ஒரே ஒரு மட்டெம்பா இருந்தது. முள் ஒடியாமல் எடுத்தார்.

வீட்டில் எலூபி பாயில் எழுந்து உட்கார்ந்து அவர் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"ஒண்ணுதானா?"

"மத்ததெல்லாம் உன் மேல கோவமாம். பத்து நாளா எட்டிப் பாக்கலையாம்ல நீ."

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது. அவரே தக்காளி நறுக்கிச் சாறு வைத்தார். அவள் கிண்ணத்தை இரு கையாலும் பிடித்து மிச்சமில்லாமல் குடித்தாள். பிறகு அடியில் கிடந்த மீனை எடுத்து அவருடைய சோளக்களியின்மேல் வைத்தாள்.

"இழுத்தவருக்கு."

"பேசாம தின்னு."

மீன் அவள் பக்கம் போனது, திரும்பி வந்தது. திறந்த கதவுக்கு அப்பால், கரை நெடுக, நாணலே தெரியாதபடி பரண்களில் மட்டெம்பா வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது.